கெளுத்தியில் ஆண் பெண் பார்க்கும் கலை

கப்பியில் ஆண் பெண் பார்க்கத் தனிப் பயிற்சி வேண்டாம். ஆண் குஞ்சின் அடித்துடுப்பு சில வாரங்களிலேயே ஒடுங்கி நீண்டு இனச்சேர்க்கை உறுப்பாக மாறத் தொடங்கிவிடும். வாலில் நிறமும் ஏறிவிடும். பைட்டரில் ஆணின் துடுப்புகள் விரிந்து தொங்கும். கடைக்கு முதல்முறை போகும் பள்ளிப் பையனே பிரித்துச் சொல்லிவிடுவான். கெளுத்திக் குடும்பத்து மீன்கள் இந்தச் சலுகையை யாருக்கும் தருவதில்லை. கோரி என்ற சிறு கெளுத்தியின் இருபது குஞ்சுகள் தொட்டியின் அடிமணலைக் கிளறித் திரிவதைப் பாருங்கள். ஒரே நிறம், ஒரே மீசை, ஒரே துறுதுறுப்பு. அவற்றில் எது ஆண், எது பெண் என்று கண்டறிந்து, வளர்த்து, ஜோடி சேர்த்து, முட்டை எடுப்பதுதான் வண்ண மீன் வளர்ப்பில் மிக நுட்பமான வேலை என்று நான் நினைக்கிறேன். அந்த வேலையைச் செய்யும் கண்ணைப் பாராட்டவே இதை எழுதுகிறேன்.

உயிர்களின் பாலைக் கண்ணால் கண்டுபிடிக்கும் தொழில்களில் உலகப் புகழ் பெற்றது கோழிக்குஞ்சு பிரிப்பது. ஒரு நாள் வயதுக் குஞ்சின் கழிவாயைப் பிதுக்கிப் பார்த்துச் சேவலா பெட்டையா என்று சொல்லும் முறையை ஜப்பானியர்களான மசூயியும் ஹாஷிமோட்டோவும் வகுத்தார்கள். 1933-ல் அது ஆங்கில நூலாகவும் வெளிவந்தது. அங்கே அடையாளம் மிகச் சிறியது. ஆனால் முதல் நாளே இருக்கிறது. பழகிய கண்ணுக்கு உடனே அகப்படுகிறது. கெளுத்திக் குஞ்சில் வெளி அடையாளமே இன்னும் முளைத்திருக்காது. ஆகவே இங்கே கண்ணோடு காலமும் சேர்கிறது. எந்த இனத்தில் எந்த அடையாளம், எந்த வயதில் வரும், அதற்குமுன் வருவது போலத் தோன்றும் போலி அடையாளங்கள் எவை என்று அறிந்தவரே இதில் தேர்ந்தவர்.

கடலூர் மாவட்டத்தின் சேத்தியாத்தோப்புப் பக்கம் வாழ்பவர்களுக்குக் கெளுத்தி புதிய மீனில்லை. வெள்ளாற்றின் அணைக்கட்டும் வீராணத்தின் வடகோடியும் ஊரை ஒட்டியே இருக்கின்றன. பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டிய அந்த ஏரி, கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாகக் கொள்ளிடத்து நீரை வாங்குகிறது, மட்டம் 47.50 அடியைத் தொட்டால் ஏரி நிறைந்தது என்பார்கள். 2004 முதல் இந்தத் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்து குழாயில் ஏறிச் சென்னைக்குப் போகிறது. அதே சென்னையின் கொளத்தூரிலிருந்து ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பைகளில் வண்ண மீன்கள் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் வந்து, சிற்றூர்க் கடைகளின் கண்ணாடித் தொட்டிகளில் நீந்துகின்றன. வெளிநாட்டுக் கெளுத்திகள் அப்படி வந்து சேர்ந்தவை. உள்ளூர்க் கெளுத்திகளுக்கோ இந்த வாய்க்கால்களே தாய்வீடு.

இந்த உள்ளூர்க் கெளுத்திகளுக்கு அறிவியலில் பெரிய இடம் உண்டு. தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்த காலத்தில், அங்கிருந்த பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் இக்கடற்கரையின் மீன்களைச் சேகரித்துப் பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பிவந்தார். பிளாக் 1794-ல் தேளி மீனையும், உடலில் நீளக்கோடுகள் ஓடும் நாட்டுக் கெளுத்தியையும் விவரித்துப் பெயரிட்டார். இரண்டுக்கும் அவர் குறித்த மூல இடம் தரங்கம்பாடி. சிதம்பரத்திலிருந்து தெற்கே கொள்ளிடத்தைக் கடந்து கடலோரமாகப் போனால் வரும் ஊர். உலகெங்கும் மீனியல் நூல்களில் இருக்கும் இந்த இரண்டு பெயர்களும் நம் பக்கத்து நீரில் பிடித்த மீன்களுக்கு வைத்தவை. அந்த நாட்டுக் கெளுத்தி இன்று வண்ண மீனாகவும் விற்கப்படுகிறது.

ஆணும் பெண்ணும் ஏன் இளமையில் ஒன்றாகவே தெரிகின்றன? கெளுத்திகள் பெரும்பாலும் இரவிலும் கலங்கல் நீரிலும் வாழ்பவை. இருளில் நிறத்தைக் காட்டி இணையை அழைத்துப் பயனில்லை. மீசையின் தொடுவுணர்வும் மணமும் சுவையுமே அவற்றுக்கு வழிகாட்டி. அதனால் கப்பியைப் போல நிறத்தில் பால் வேறுபாடு பெரிதாக வளரவில்லை. இருக்கும் வேறுபாடுகள் செயலோடு ஒட்டியவை. முட்டை சுமக்க வேண்டிய உடல் அகலமாகிறது. முட்டையை ஏந்த வேண்டிய துடுப்பு விரிகிறது. பொந்தைக் காக்க வேண்டிய தலை பருத்து முள் வைக்கிறது. இந்த வேலைகள் எதுவும் குஞ்சுக்கு இல்லை. பருவம் வரும்வரை வேறுபாடும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு அடையாளத்துக்கும் காரணம் விளங்கும். காரணம் விளங்கிய அடையாளம் மறக்காது.

முதலில் கோரி. கடைக்காரர்கள் செல்லமாகக் கோரி என்று சொல்லும் கோரிடோரஸ் தென்னமெரிக்க மீன். பக்கவாட்டில் இரண்டு வரிசை எலும்புத் தகடுகள் போர்த்திய சின்னஞ்சிறு கெளுத்தி. அடியில் விழுந்த தீனியைத் தேடி மீசையால் மணலைத் துழாவிக்கொண்டே இருக்கும். வெண்கல நிறத்திலும், அதன் வெளிறிய வகையான அல்பினோவாகவும் நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் இனம், நெடுங்காலம் கோரிடோரஸ் ஏனியஸ் என்று அறியப்பட்டது. 2024-ல் அந்தப் பெரும் பேரினத்தைப் பலவாகப் பிரித்தபோது அதற்கு ஆஸ்டியோகாஸ்டர் என்ற பேரினப் பெயர் வந்தது. தொட்டிக்காரர்களுக்கு அது இன்றும் கோரிதான்.

கோரியைப் பக்கவாட்டில் பார்ப்பவர் அரைகுறையாகத்தான் பார்க்கிறார். மேலிருந்து பார்க்க வேண்டும். தொட்டியின் மூடியைத் திறந்து, ஏர் பம்பைச் சற்று நிறுத்தி, நீர்ப்பரப்பு அசைவற்று நிற்கும்போது குனிந்து பார்த்தால் உடலின் கோடு துலங்கும். வளர்ந்த பெண்ணுக்கு மார்புத் துடுப்புக்குப் பின்னால் உடல் அகன்று, வயிறு இருபுறமும் உருண்டு தெரியும். ஆண் தோளிலிருந்து வால்வரை சீராக ஒடுங்கிப் போகும். பெண்ணே பெரியது. பழகியவர்கள் இதோடு நிறுத்துவதில்லை. மீனை ஒரு கண்ணாடிச் சாடியில் விட்டு, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அடியிலிருந்து வயிற்றுத் துடுப்புகளைப் பார்ப்பார்கள். ஆணுக்கு அவை குறுகிக் கூராக இருக்கும். பெண்ணுக்கு அகன்று வட்டமாக விரியும்.

ஏன் அப்படி என்பதில்தான் இந்த மீனின் அழகு முழுவதும் இருக்கிறது. முட்டையிடும் நேரத்தில் பெண் தன் வாயை ஆணின் வயிற்றோரம் கொண்டுபோய் ஒட்டிக்கொள்ளும். ஆண் தன் மார்புத் துடுப்பால் அவளுடைய மீசையை அணைத்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து நிற்கும் கோலம் ஆங்கில எழுத்து 'டி' வடிவம். அதே வேளையில் பெண் தன் இரு வயிற்றுத் துடுப்புகளையும் கூட்டிப் பை போலாக்கி, அதில் சில முட்டைகளை ஏந்திக்கொள்ளும். 1995-ல் கோடாவும் சக ஜப்பானிய ஆய்வாளர்களும் இதை நுணுகிப் பார்த்து வியப்பான ஒன்றைச் சொன்னார்கள்: பெண் ஆணின் விந்தை வாயால் குடிக்கிறது, அது குடல் வழியாக விரைந்து கடந்து, துடுப்புப் பைக்குள் இருக்கும் முட்டைகளின்மேல் வெளியேறுகிறது. ஓடும் ஆற்று நீரில் விந்து சிதறிப்போகாமல், தான் தேர்ந்த ஆணின் விந்தே தன் முட்டைகளைச் சேர இயற்கை செய்த ஏற்பாடு. பிறகு பெண் அந்த முட்டைகளைக் கண்ணாடியிலோ இலையிலோ ஒட்டிவிட்டு மறுபடி ஆணைத் தேடி வரும். அகன்ற வயிற்றுத் துடுப்பு எதற்கு என்று இப்போது தெரிகிறதல்லவா? சாடியை உயர்த்தி அடியிலிருந்து பார்ப்பவர் அந்த முட்டைப் பையைத்தான் பார்க்கிறார்.

கோரிகளில் ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் குறிப்புகள் உண்டு. பீகிள் கப்பலில் போன டார்வின் சேகரித்து வந்து, 1842-ல் ஜெனின்ஸ் விவரித்த புள்ளிக் கோரியான பேலியாட்டஸில் ஆணின் முதுகுத் துடுப்பு பெண்ணுடையதைவிட உயர்ந்து கூராக நிற்கும். அதில் முதுகைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். வெண்கலக் கோரியில் அவ்வளவு தெளிவில்லை. உடல் அகலத்தையே நம்ப வேண்டும். ஓரினத்தில் கற்றதை இன்னோரினத்துக்கு அப்படியே பொருத்தாமல், ஒவ்வொன்றையும் புதிதாகப் பார்ப்பது இந்தக் கலையின் முதல் ஒழுக்கம்.

அடுத்தது ஆன்சிஸ்ட்ரஸ். கடைகளில் புஷ்ஷி என்றும் பிரிஸ்டில்நோஸ் என்றும் சொல்வார்கள். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி மேயும் சிறிய பிளெக்கோ. விளையாட்டாகப் பார்ப்பவர்களையும் ரசிகர்களாக மாற்றிவிடும் மீன் இது. வளர்ந்த ஆணின் மூக்கு ஓரத்திலும் நெற்றி நடுவிலும் சதைப்பற்றான கொம்புகள் கிளைத்து நிற்கும். பெண்ணுக்கு ஒன்றும் இராது, அல்லது மூக்கின் விளிம்பில் மட்டும் சில குட்டையான முளைகள் இருக்கும். இந்தச் சிறு வேறுபாட்டில்தான் பலர் சறுக்குவார்கள். மூன்று அங்குல நீளத்துக்குக் குறைந்த மீனின் விளிம்பில் நான்கைந்து முளைகளைப் பார்த்ததும் ஆண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது; அது முதிரும் பெண்ணாகவும் இருக்கலாம். தேர்ந்தவர் விளிம்பைப் பார்க்க மாட்டார். நெற்றியின் நடுக்கோட்டைப் பார்ப்பார். இரு கண்களுக்கு இடையே மேல்நோக்கி முளைகள் ஏறத் தொடங்கினால் அது ஆண். ஏறாவிட்டால் இன்னும் சில மாதம் காத்திருப்பார்.

இந்தக் கொம்புகள் எதற்கு? ஆன்சிஸ்ட்ரஸில் முட்டையைக் காப்பது ஆண். குகை போன்ற இடுக்கில் பெண் ஆரஞ்சு நிற முட்டைகளைக் கொத்தாக ஒட்டிவிட்டுப் போய்விடும். ஆண் வாசலை அடைத்து நின்று, துடுப்பால் விசிறி, குஞ்சு பொரிந்து பிரியும்வரை காவல் இருக்கும். 1999-ல் சபாஜ், ஆம்ப்ரஸ்டர், பேஜ் ஆகிய மூவர் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: ஆணின் கொம்புகள் பொந்துக்குள் நெளியும் குஞ்சுகளைப் போலத் தோன்றுகின்றன, ஏற்கெனவே குஞ்சு காக்கும் தகப்பன் இவன் என்று நம்பிப் பெண் அவனை விரும்பக்கூடும். தகப்பனாகும் தகுதியையே முகத்தில் அணிந்துகொள்ளும் மீன் என்றால், அதன் முகத்தை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது.

இதே குடும்பத்தில் இன்னும் நுட்பமான பாடம் சொல்வது வரிக்குதிரை பிளெக்கோ. கறுப்பு வெள்ளைக் கோடுகளோடு பிரேசிலின் ஷிங்கு ஆற்றில் மட்டும் வாழ்வது. 1991-ல் அறிவியல் பெயர் பெற்றது. அணை கட்டியதால் அதன் ஆற்றுப் பகுதி மாறிப்போனது. வணிகத்துக்காகப் பிடிப்பதும் அதை நெருக்கியது. 2022-ல் பனாமாவில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் மாநாடு அதை இரண்டாம் அட்டவணையில் சேர்த்தது. அந்த மீன் இன்று உலகத் தொட்டிகளில் பெருகுகிறதென்றால், ஜோடியைச் சரியாகக் கண்டவர்களால்தான். அதில் கொம்பு கிடையாது. ஆணின் தலை மேலிருந்து பார்க்க அகன்றிருக்கும். கன்னத்தின் பின்னாலும் மார்புத் துடுப்பின் முதல் முள்ளிலும் நுண்முட்கள் நீண்டிருக்கும். அந்த முட்கள் அமைப்பில் பற்களே. தோலில் முளைத்த பற்கள். டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அவை மின்னுவது தெரியும். அந்தச் சிறு மின்னலைக் கண்டு ஒரு மீனை இடப்புறத் தொட்டிக்கும் இன்னொன்றை வலப்புறத் தொட்டிக்கும் மாற்றும் கை, அருகிவரும் ஓர் உயிரினத்துக்கே உதவும் கை.

இனி நம் ஊர்க் கெளுத்திகள். இவற்றில் கொம்பும் இல்லை, அகன்ற துடுப்பும் இல்லை. பார்க்க வேண்டிய இடம் ஒன்றே: கழிவாய்க்குப் பின்னால், அடித்துடுப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் சிறு சதைக்காம்பு. நாட்டுக் கெளுத்தியின் ஆணுக்கு அது நீண்டு நுனி கூர்ந்திருக்கும். தேளியின் ஆணுக்கும் கூரானதே. பெண்ணுக்கு அது உருண்டு, நடுவில் பிளவோடு மொட்டாகத் தெரியும். பருவமழைக் காலம் நெருங்க நெருங்க இந்த வேறுபாடு துலக்கமாகும். கோடையில் பார்த்தால் தேர்ந்தவரும் தயங்குவார். குஞ்சுப் பருவத்தில் காம்பே கண்ணுக்குத் தெரியாது. தேளியைக் கையில் எடுக்கும்போது இன்னொரு கவனமும் வேண்டும். அதன் மார்புத் துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு, குத்தினால் கடுக்கும். ஈரத்துணியில் பொதிந்து, தலையையும் இரு முட்களையும் விரலிடையில் அடக்கி, வயிற்றை மேலே திருப்பி, ஒரு நொடியில் பார்த்துவிட்டு நீரில் விடும் மீனவர்களின் லாகவம் அப்படியே நின்று பார்க்க வைக்கும்.

தேளியில் ஆண் பெண் அறிவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்திய மீன்வளர்ப்பின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சௌதரி கெண்டையின மீன்களைத் தூண்டல் முறையில் முட்டையிடச் செய்ததை ஒட்டித்தான் ஆண்டுதோறும் அந்த நாள் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அதற்கு ஓராண்டு முன்பே, 1956-ல், எல்.எஸ். ராமசாமியும் பி.ஐ. சுந்தரராஜும் தேளியில் இதைச் செய்து 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டிருந்தார்கள். பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு முட்டையிட வைக்கும் முறை அது. அதன்பின் இந்தக் கெளுத்தி இனப்பெருக்க ஆய்வாளர்களின் விருப்பத்துக்குரிய மீனாகிவிட்டது. ஆனால் ஒரு கடினமான உண்மை உண்டு. பெண்ணின் வயிற்றை மெல்ல அழுத்தினால் முட்டை வெளிவரும். ஆணை அழுத்தினால் விந்து வருவதில்லை. செயற்கைக் கருவூட்டலுக்கு ஆண் மீனை வெட்டி விந்தகத்தை எடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும். ஆணென்று நினைத்துத் தவறான மீனைத் தேர்ந்தால் ஒரு தாய் மீன் வீணாகச் சாகும். எடுத்து வைத்த முட்டைகளும் கெடும். வயிற்றைத் திருப்பிப் பார்க்கும் அந்த ஒரு நொடிப் பார்வைக்குப் பின்னால் இவ்வளவு பொறுப்பு இருக்கிறது.

அடையாளங்களை அறிந்தால் மட்டும் போதாது. ஏமாற்றும் அடையாளங்களையும் அறிய வேண்டும். முதலாவது, வயிறு. டியூபிபெக்ஸ் புழுவை வயிறு முட்டத் தின்ற ஆண் கோரி, சினைப்பட்ட பெண்ணைப் போலவே உருண்டு தெரியும். ஆகவே காலையில், தீனி போடுமுன் பார்க்க வேண்டும். இரண்டாவது, அளவு. பெரியது பெண், சிறியது ஆண் என்ற விதி கோரிக்கும் நாட்டுக் கெளுத்திக்கும் பொருந்தும்; ஆன்சிஸ்ட்ரஸில் தலைகீழ், அங்கே ஆணே பருமன். அதோடு, ஒரே ஈட்டுக் குஞ்சுகளில் முந்தித் தின்றது பெரிதாகவும் பிந்தியது சிறிதாகவும் இருக்கும். அதற்கும் பாலுக்கும் தொடர்பே இல்லை. மூன்றாவது, நடத்தை. ஒன்றையொன்று துரத்தினால் ஆண் பெண்ணைத் துரத்துகிறது என்று நினைப்பார்கள். இளம் மீன்கள் தீனிக்கும் இடத்துக்கும்கூடத் துரத்தும்.

சில மீன்களில் என்ன செய்தாலும் வெளியிலிருந்து தெரியாது. இதை ஒப்புக்கொள்வதும் இந்தக் கலையில் அடக்கம். கண்ணாடிக் கெளுத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ல் இங்கும் கோட்டலாட்டும் கிரிப்டாப்டெரஸ் விட்ரியோலஸ் என்று பெயரிட்ட இந்தத் தாய்லாந்து மீனின் உடலினூடே அப்பால் இருக்கும் செடி தெரியும். முள்ளெலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆனால் உள்ளுறுப்புகள் எல்லாம் தலைக்குப் பின்னால் ஒரு வெள்ளிப் பைக்குள் அடங்கிவிடுகின்றன. உடல் முழுவதும் ஊடுருவிப் பார்க்க முடிந்த மீனில் பால் மட்டும் மறைந்திருக்கிறது. நம் கடைகளில் ஷார்க் என்ற பெயரில் விற்கும் பங்காசியஸுக்கும் சிவப்பு வால் கெளுத்திக்கும் ஜோடி தேடுவது வீண் வேலை. இரண்டும் ஒரு மீட்டரைத் தாண்டி வளரும் ஆற்று மீன்கள். வீட்டுத் தொட்டியில் பருவத்துக்கே வராது. அவற்றை ஜோடி என்று யாரேனும் விற்றால் வாங்காதீர்கள்.

நல்ல கடைக்காரரை நான் மதிப்பது இந்த இடத்தில்தான். கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"அண்ணே, அந்த அல்பினோ கோரியில ஒரு ஜோடி புடிச்சுக் குடுங்க."

"இந்த சைஸ்ல ஜோடி பாக்க முடியாது தம்பி. ஆறா எடுத்துட்டுப் போ. நல்லா வள. ஆணும் பொண்ணும் தானா தெரியும்."

கண்ணில் பட்ட இரண்டை வலையில் அள்ளி, "இது ஆணு, இது பொண்ணு" என்று பையில் கட்டிக் கொடுத்துவிடுவது எளிது. வாங்குபவரும் மகிழ்ச்சியாகப் போவார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல, தெரிந்தது எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். "இப்போதைக்குத் தெரியாது" என்ற பதிலைத்தான் இந்தக் கலையின் உச்சம் என்று நான் சொல்வேன்.

ஆறு என்ற கணக்கிலும் அறிவு இருக்கிறது. ஆணும் பெண்ணும் சம வாய்ப்பில் பிறக்கும் குஞ்சுகளில் இரண்டை எடுத்தால் இரண்டும் ஒரே பாலாக அமைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆறு எடுத்தால் ஆறும் ஒரே பாலாக அமையும் வாய்ப்பு முப்பத்திரண்டில் ஒன்றுதான். கோரிகள் கூட்டமாக வாழ்பவை. இரண்டாக விட்டால் மிரண்டு மூலையில் ஒதுங்கும், ஆறாக விட்டால் தொட்டி முழுவதும் உலவும். மிரண்ட மீன் முட்டையிடாது. ஒரே கடையின் ஒரே தொட்டியில் மூன்றும், வேறு கடையில் மூன்றுமாக எடுப்பவர்கள் இன்னும் தெளிந்தவர்கள். உடன்பிறந்தவையே ஜோடி சேரும் வாய்ப்பு குறையும். முக்கியமாக, தேர்வு மீனிடமே விடப்படுகிறது. நாம் கணித்த ஜோடியைவிட அவை தாமே சேர்ந்த ஜோடி முட்டையிடும் வாய்ப்பு அதிகம் என்பது வளர்ப்பவர்கள் எல்லாரும் சொல்லும் அனுபவம்.

காத்திருக்கும் மாதங்களில் செய்ய வேண்டியவை எளியவை. மீசை தேயாத மென்மையான மணல், ஸ்பாஞ்ச் பில்டர், வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுதல், சத்தான தீனி. நம் ஊர்க் கோடை கோரிக்கு ஒத்துவராது. சித்திரை வெயிலில் தொட்டியை வெயில்படாத உள்ளறைக்கு மாற்றிவிட வேண்டும். வெப்பம் தாங்கும் ஸ்டெர்பை கோரி இந்தப் பக்கத்துக்கு நல்ல தேர்வு. பிறகு ஐப்பசி வரும். வங்கக்கடலில் புயல் சின்னம் உருவாகி, காற்றழுத்தம் இறங்கி, அடைமழை பிடிக்கும். புதுத் தண்ணீரை எதிர்த்து வாய்க்காலில் மீன் ஏறும் அந்த நாட்களில் தொட்டியில் இருக்கும் தென்னமெரிக்க மீனுக்கும் துடிப்பு வரும். சற்றுக் குளிர்ந்த நீரை மாற்றி ஊற்றினால் மழை வந்துவிட்டது என்றே அது கொள்ளும். மறுநாள் காலையில் கண்ணாடியில் முட்டைகள் ஒட்டியிருந்தால் பால் பற்றிய ஐயங்கள் எல்லாம் தீர்ந்தன.

ஜோடி சேர்த்தவருக்குக் கடைசியாக ஒரு கடமையும் வந்து சேர்கிறது. ஒத்துப்போன ஓர் ஆன்சிஸ்ட்ரஸ் ஜோடி திரும்பத் திரும்ப முட்டையிடும். குஞ்சுகள் பத்துக்கணக்கில் பெருகும். இடம் போதாமல் போகும் நாளில் சிலர் பக்கெட்டோடு வாய்க்காலுக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டின் ஏரிகளிலும் ஆறுகளிலும் இன்று பிளெக்கோ வகையான சக்கர் மீன் பெருகி வலையைக் கிழிப்பதும், நாட்டு மீன்களின் இடத்தைப் பிடிப்பதும் அப்படித் தொடங்கியதுதான். பிளாக் பெயரிட்ட கெளுத்தியும் தேளியும் இன்னும் நீந்தும் வெள்ளாற்றிலும் வீராணத்திலும் தொட்டி மீன் ஒன்றுகூட விழக்கூடாது. கூடுதல் குஞ்சுகளைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், நண்பர்களுக்குக் கொடுங்கள். முடியாதென்றால் ஆணையும் பெண்ணையும் வேறு வேறு தொட்டியில் வையுங்கள். ஆண் பெண் பார்க்கக் கற்றதன் பயன்களில் இதுவும் ஒன்று.

வளர்க்க விரும்புகிறவர்கள் நாட்டுக் கெளுத்தியிலிருந்து தொடங்கலாம் என்பது என் பரிந்துரை. சிறு மீன்களோடு சேர்க்காமல், மூடியுள்ள தனித் தொட்டியில் ஆறு குஞ்சுகளை விடுங்கள். நம் தண்ணீரும் நம் வெயிலும் அவற்றுக்குப் பழக்கம். தீனி போடுமுன் மேலிருந்து பாருங்கள். மழைக்காலம் நெருங்கும்போது சாடியில் எடுத்து அடியிலிருந்தும் பாருங்கள். பார்த்ததைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அதுவரை யாராவது ஆணா பெண்ணா என்று கேட்டால், இன்னும் தெரியவில்லை என்றே சொல்லுங்கள்.